மக்சோம் வாட்ச் வெளிநாட்டவர் அமைப்பு அல்ல

"மேற்குக் கரைச் சோதனைச்சாவடிகளில் நிற்கும் மக்சோம் வாட்ச் பெண்கள் திருச்சபைகள் அனுப்பிய வெளிநாட்டவர்கள்" என்கிறீர்கள். தவறு நண்பரே, இரண்டு அமைப்புகளைக் குழப்பிக்கொண்டீர்கள்.

மக்சோம் வாட்சை 2001இல் தொடங்கியதே இஸ்ரேலியப் பெண்கள்தான். ('மக்சோம்' என்றால் எபிரேயத்தில் சோதனைச்சாவடி; மேற்குக் கரையில் பாலஸ்தீனர்களை இஸ்ரேலியச் சிப்பாய்கள் நிறுத்திச் சோதிக்கும் இடம்.) கலந்தியா, ஹுவாரா போன்ற இடங்களில் முறைவைத்துப் போய் நிற்பார்கள். வரிசை எவ்வளவு நீளம், யாரைத் தடுத்து வைத்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று பார்த்ததை அன்றன்றைக்கு எழுதி வெளியிடுவார்கள். பலர் பாட்டி வயதுக்காரர்கள்; பேரன் வயதுச் சிப்பாயிடம் நின்று கேள்வி கேட்பார்கள்.

நீங்கள் சொல்வது உலகத் திருச்சபைகள் மன்றம் 2002இல் தொடங்கிய திட்டம். அதில்தான் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்து சுமார் 3 மாதம் தங்குவார்கள். சிப்பாய்க்கு உத்தரவிடும் அதிகாரம் இந்த இரண்டு அமைப்பினருக்குமே கிடையாது.