போன வருடம் அனுப்பிய அதே கடிதத்தை இந்த வருடமும் அனுப்பாதீர்கள்

டிசம்பர் ரிசல்ட் வந்தால் போதும், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரே புலம்பல்: "எல்.எல்.பி. முடிச்சாச்சு, ஆர்ட்டிகிள்ஸ் கிடைக்கல." அட்டர்னி, அதாவது வழக்கறிஞர், ஆகும் முன் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் ஒப்பந்தம் போட்டுச் செய்யும் பயிற்சிதான் ஆர்ட்டிகிள்ஸ். அப்புறம் அதே சி.வி.யில் தேதியை மட்டும் மாற்றி, மறுத்த அதே அலுவலகங்களுக்குத் திரும்ப அனுப்புகிறார்கள். பதிலும் அதேதான் வருகிறது. மறுபடி விண்ணப்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏன் மறுத்தார்கள் என்று பிரித்துப் பார்க்காமல் அனுப்புவதுதான் வீண்வேலை.

முதலில் இடக்கணக்கைப் பாருங்கள். ஒரு அட்டர்னி ஒரே நேரத்தில் மூன்று கேண்டிடேட் அட்டர்னிகளுக்கு (ஆர்ட்டிகிள்ஸ் செய்பவர்களுக்கு) மேல் வைத்துக்கொள்ள முடியாது. சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும். ஒப்பந்தமோ வழக்கமாக 24 மாதம். போன ஜனவரியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் அடுத்த ஜனவரியிலும் அங்கே நாற்காலி இருக்காது. அந்த மறுப்பு உங்களைப் பற்றியதே அல்ல. ரிசப்ஷனுக்கு ஒரு போன் போட்டு, "இப்போ இருக்கிற கேண்டிடேட் எந்த மாசம் முடிக்கிறாங்க?" என்று கேளுங்கள். குறித்துக்கொண்டு, அதற்கு நாலைந்து மாதம் முன்னால் கடிதம் போய்ச் சேரும்படி பாருங்கள். எல்லோரும் ஜனவரியில் தொடங்குவதில்லை. நடு வருடத்தில் காலியாகும் இடங்களுக்குப் போட்டியும் குறைவு.

உம்ஹ்லாங்கா ரிட்ஜ், சாண்ட்டன் பக்கத்துப் பெரிய சட்ட நிறுவனங்களின் கதை வேறு. அவர்கள் ஒன்றிரண்டு வருடம் முன்பே ஆளெடுத்துவிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் ஆன்லைன் போர்ட்டல் வழியாக. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய லாகினில் நுழைந்தால் போன வருடத்து மார்க் பட்டியலும், "இறுதியாண்டு முடிவு வரவில்லை" என்ற வரியும் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கோப்பையும் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். அதற்குப் பயந்து வேறு மின்னஞ்சலில் இன்னொரு கணக்கு திறப்பது இன்னும் மோசம்: இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால், எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் படும்.

நேர்காணலுக்கே கூப்பிடாமல் மறுத்தால் குறை காகிதத்தில். நேர்காணலுக்குப் பிறகு மறுத்தால் காகிதம் தேறிவிட்டது என்று அர்த்தம். மறுபடி முயல அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு வாரத்துக்குள், பேசியவருக்கே நன்றி சொல்லி ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: மறுபடி விண்ணப்பிக்கும் முன் எதைப் பலப்படுத்த வேண்டும்? பலர் பதில் போட மாட்டார்கள். போட்டால் எதிர்வாதம் செய்யாதீர்கள், அது கோர்ட் இல்லை.

புதுக் கடிதத்தில் முன்பு விண்ணப்பித்ததை ஒளிக்க வேண்டாம். முதல் பத்தியிலேயே ஒரு வரி போதும்: "2025 மார்ச்சில் விண்ணப்பித்திருந்தேன், அதன்பின் சிவில் புரொசீஜரைத் திரும்ப எழுதித் தேறினேன், ஓட்டுநர் உரிமம் பெற்றேன், சட்ட உதவி மையத்தில் ஆறு மாதம் கோப்புகளுக்கு இண்டெக்ஸ் போட்டேன்." மன்னிப்பும் வேண்டாம், "விடாமுயற்சி" வசனமும் வேண்டாம். மாறியது என்ன என்று சொல்ல ஒன்றுமே இல்லையென்றால் கடிதத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தை நம் பிள்ளைகள் லேசாக எடுக்கிறார்கள். ஒரே காலையில் வெருலம், பைன்டவுன், டர்பன் என்று மூன்று மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கும் காகிதம் போக வேண்டியிருக்கும். லேர்னர்ஸ் (பழகுநர் உரிமம்) மட்டும் வைத்துக்கொண்டு "உரிமம் உண்டு" என்று எழுதினால் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். இசிஸூலு மொழியும் அப்படித்தான். தாத்தா காலத்து ஃபனகலோ என்ற கலப்புப் பேச்சு போதாது. கட்சிக்காரரிடம் விவரம் கேட்டு எழுதும் அளவுக்காவது வேண்டும்.

ஸ்கூல் ஃபார் லீகல் பிராக்டிஸ் என்ற வழக்கறிஞர் பயிற்சிப் பள்ளியில் முழுநேரப் படிப்பை முடித்தால் ஒப்பந்தம் 12 மாதமாகக் குறையும். ஆனால் அது இருபுறமும் வெட்டும் கத்தி. ஆள் வேலை பழகும் நேரத்தில் போய்விடுவார் என்பதால், இரண்டு வருடம்தான் வேண்டும் என்று சொல்லும் அலுவலகங்களும் உண்டு. பணம் கட்டும் முன் விசாரியுங்கள். லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா, பல்கலைக்கழக லா கிளினிக்குகள் இங்கெல்லாமும் கேண்டிடேட் அட்டர்னிகளை எடுக்கிறார்கள். அவற்றை இரண்டாந்தரமாக நினைப்பது நம் வீட்டுப் பெருமை மட்டுமே.

கல்யாண வீட்டில் யாராவது மாமா, "நவி பிள்ளை வேலைக்குக் காத்திருந்தாங்களா? 1967-ல சொந்தமா ஆபீஸ் போட்டாங்க" என்பார். உண்மைதான், பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையரான அந்த டர்பன் வழக்கறிஞரை, நிறத்தைக் காட்டி எந்த நிறுவனமும் எடுக்கவில்லை. ஆனால் அவர் ஆர்ட்டிகிள்ஸ் முடித்த பிறகு போட்ட ஆபீஸ் அது. உங்களுக்கு அந்தப் படியே இன்னும் வரவில்லை என்று மாமாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

சான்றளித்த நகல்களையும் புதிதாக எடுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் இலவசம். முத்திரைத் தேதி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். போன வருடத்து முத்திரையைப் பார்த்தாலே பழைய உறையைத் தூசி தட்டி அனுப்பியது தெரிந்துவிடும்.

கடைசியாக, இரண்டாம் முறை "வா தம்பி" என்று கூப்பிட்டவுடன் தலைகால் புரியாமல் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். "முதல்ல வேலையைப் பாரு, பேப்பரை அப்புறம் பார்ப்போம்" என்றால், வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் ஒப்பந்தம் எப்போது பதிவாகும் என்று அன்றே கேளுங்கள். பதிவில்லாமல் ஓடிய மாதங்கள் தானாக 24-ல் சேராது. கையெழுத்தான நகல் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.