ஜான் கரியின் கால்களைப் பாருங்கள்

பிரிட்டனின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர் ஜான் கரியைப் பற்றி யார் எழுதினாலும் 'ஐஸ் மீது பாலே ஆடியவர்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 1976 இன்ஸ்பிரக் ஒலிம்பிக் காணொளியை யாராவது பகிர்ந்தால் அதன் கீழே வரும் பாராட்டும் அதேதான்: கை அழகு, கழுத்து அழகு, இசையோடு இழைகிறார். எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தப் பாராட்டு அந்த மனிதரின் உழைப்பில் பெரும்பங்கை மறைத்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. அன்று அவருக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவை கால்கள். குறிப்பாகச் சொன்னால், ஸ்கேட்டிங் பூட்ஸின் அடியில் இருக்கும், சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடின் இரண்டு விளிம்புகள்.

முதலில் ஆளைப் பற்றிச் சுருக்கமாக. 1949-இல் பர்மிங்காமில் பிறந்தவர். சிறுவனாக அவர் கேட்டது பாலே வகுப்பு. ஆண்பிள்ளைக்கு அது ஆகாது என்று அப்பா மறுத்துவிட்டார். ஸ்கேட்டிங் விளையாட்டுக் கணக்கில் சேருவதால் அதற்கு அனுமதி கிடைத்தது; ஏழு வயதில் தொடங்கினார். பதினாறு வயதில் அப்பா இறந்தார். பிறகு லண்டன்: வயிற்றுப்பாட்டுக்கு வேலை, மிச்ச நேரத்தில் பயிற்சி. 1970-களின் தொடக்கத்திலேயே பிரிட்டன் சாம்பியன் ஆகிவிட்டார். ஆனால் 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் 11-ஆம் இடம். 1974 உலகப் போட்டியில் 7-ஆம் இடம். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1976-இல், ஐரோப்பியப் பட்டம் ஜெனீவாவில், ஒலிம்பிக் தங்கம் இன்ஸ்பிரக்கில், உலகப் பட்டம் கோதன்பர்க்கில். ஒரே பருவத்தில் மூன்றும்.

1974-இலும் அவர் கைகள் இதே அழகோடுதான் இருந்தன. இசை உணர்வும் குறைவில்லை. மாறியது வேறு.

எட்வின் மோஸ்லர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் செலவை ஏற்றுக்கொண்டதால் கரி அமெரிக்கா போக முடிந்தது. லேக் பிளாசிடில் பயிற்சியாளர் கஸ் லூஸியிடம் தாவல்களை அடிப்படையிலிருந்து திருத்திக்கொண்டார். இரண்டு முறை ஒலிம்பிக் சாம்பியனான டிக் பட்டனை உருவாக்கிய அதே லூஸி. பிறகு டென்வரில் கார்லோ ஃபாஸி, பெட்டி ஃபாஸி தம்பதியிடம் சேர்ந்தார். கார்லோ ஃபாஸி கட்டாய வடிவங்களுக்குப் பேர்போனவர். பெக்கி ஃப்ளெமிங் 1968, டாரதி ஹாமில் 1976, கரி 1976, ராபின் கசின்ஸ் 1980 என்று நான்கு ஒலிம்பிக் சாம்பியன்கள் அவர் கையில் தயாரானவர்கள்.

அன்றைய போட்டியின் ஒரு பகுதியாக இருந்த இந்தக் கட்டாய வடிவங்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 1990-க்குப் பிறகு ஸ்கேட்டிங் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது கண்ணிலேயே பட்டிருக்காது.

சுத்தமான ஐஸ் மீது, இசை இல்லாமல், எட்டு போன்ற உருவத்தைப் பிளேடால் வரைய வேண்டும். ஒவ்வொரு வட்டத்தின் விட்டமும் ஸ்கேட்டரின் உயரத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. 1.75 மீட்டர் உயரமுள்ளவருக்கு 5.25 மீட்டர் விட்டம்; ஒரு வட்டத்தைச் சுற்ற 16.5 மீட்டர். நின்ற இடத்திலிருந்து ஒரே உந்துதலில் கிளம்ப வேண்டும். அந்த உந்துதலும் பிளேடின் விளிம்பிலிருந்துதான் வர வேண்டும், பிளேடின் முன்முனையில் ரம்பம் போலிருக்கும் முனைப் பற்களைத் தொடவே கூடாது. சில வடிவங்களில் இரண்டு வட்டத்தையும் ஒற்றைக் காலிலேயே முடிக்க வேண்டும். அதாவது ஒரு தள்ளலில் கிடைத்த வேகத்தை 33 மீட்டர் வரை, நடுவில் திருப்பங்களோடு, சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். அதையே மூன்று முறை, முதல் கோட்டின் மேலேயே. புள்ளி வைக்காமல் ஒற்றைக் காலால் சிக்குக் கோலம் போட்டு, அதே இழை மீது இன்னும் இரண்டு முறை இழுப்பது எப்படி இருக்குமோ அப்படி. முடிந்ததும் நடுவர்கள் ஐஸில் இறங்கி, குனிந்து கோட்டைப் பார்ப்பார்கள்.

எங்கே தவறும்? முதல் தவறு, இரட்டைக் கோடு. பிளேடின் அடிப்பகுதி தட்டையானதல்ல; நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும், இரண்டு பக்கமும் விளிம்பு. சாய்ந்தால் ஒரு விளிம்பு மட்டும் பதிந்து ஒற்றைக் கோடு விழும். சாய்வு ஒரு நொடி குறைந்தாலும் இரண்டு விளிம்பும் பட்டு இரட்டைக் கோடாகிவிடும். நடுவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். இதற்காகவே அன்று பலர் இரண்டு ஜோடி பூட்ஸ் வைத்திருந்தார்கள். வடிவங்களுக்கான பிளேடில் பள்ளம் ஆழம் குறைவாக இருக்கும், முனைப் பற்களும் சிறிதாக இருக்கும். தாவலுக்கான பிளேடில் பள்ளம் ஆழம், பற்கள் பெரிது.

இரண்டாவது தவறு திருப்பத்தில் வரும். வெளி விளிம்பில் முன்னோக்கிப் போய்க்கொண்டே உள் விளிம்புக்கு மாறிப் பின்னோக்கித் திரும்பும் 'த்ரீ' திருப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தோள் திரும்ப வேண்டும், இடுப்பு காத்திருக்க வேண்டும். எடை முன்பாதத்துக்கு வந்த கணத்தில் கால் திரும்ப வேண்டும். திரும்பிய அடுத்த கணமே தோளை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் உடம்பு சுழன்றுகொண்டே இருக்கும், கோடு உள்ளே சுருளும், வட்டம் சிறுத்துவிடும். மையக் கோட்டுக்குத் திரும்பி வரவே முடியாது. பின்னோக்கிப் போய் முன்னே திரும்பும்போது எடை குதிகால் பக்கம் போக வேண்டும். அங்கே பழக்கதோஷத்தில் முன்பாதத்திலேயே நின்றால் பற்கள் ஐஸைச் சுரண்டும், வேகம் அங்கேயே செத்துவிடும்.

இப்போது இன்ஸ்பிரக் காணொளியைத் திரும்பப் பாருங்கள். கரி திரும்பும்போதெல்லாம் தோளும் இடுப்பும் தனித்தனியே வேலை செய்வது தெரியும். தாவலுக்கு முன் நீண்ட தயாரிப்பு இல்லை. சாதாரண அடிவைப்பு போலவே போய்க்கொண்டிருப்பார், திடீரென்று காற்றில் இருப்பார். இறங்கியதும் பின் வெளி விளிம்பில் அப்படியே வழுக்கிக்கொண்டு போவார், ஐஸில் படாத மறு கால் நீண்டு நிற்கும், வேகம் குறையாது. தோளை நிறுத்தும் அந்தப் பிடி இல்லாவிட்டால் இறங்கும்போது உடம்பு தொடர்ந்து சுழலும், கால் வளைந்து ஐஸைக் கீறும், அடுத்த அடிக்கு முன் இரண்டு தள்ளு தள்ளி வேகம் கூட்ட வேண்டியிருக்கும். 'பாலே' என்று நாம் சொல்லும் அந்தத் தொடர்ச்சி இப்படித்தான் கிடைக்கிறது. பாலே அவருக்குக் கோடும் நிமிர்வும் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் விளிம்பு பிடிபடாத ஒருவர் அதே கைகளை உயர்த்தினால் தடுமாறுவார்.

அன்றைய போட்டியின் கணக்கும் இதையேதான் சொல்கிறது. கட்டாய வடிவங்கள் முடிந்தபோது சோவியத்தின் செர்கேய் வோல்கோவ் முதலிடம், கரி இரண்டாவது. அவரளவுக்கே கலைஞர் என்று பேசப்பட்ட கனடாவின் டோலர் கிரான்ஸ்டன் ஏழாவது. கிரான்ஸ்டனுக்குக் கற்பனையில் எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால் துணிச்சலில் கரியைவிட ஒரு படி மேல் என்பேன். ஆனால் ஏழாமிடத்திலிருந்து எவ்வளவு ஏறினாலும் வெண்கலம்தான் எட்டியது. வெள்ளி விளாதிமிர் கோவல்யோவுக்குப் போனது. கரி, தாவலும் சுழற்சியும் சேர்த்து இசைக்கு ஆடும் ஐந்து நிமிட சுதந்திர ஆட்டத்தை மின்கஸின் 'டான் கிஹோட்டே' பாலே இசைக்கு ஆடினார். காற்றில் மூன்று சுற்று சுழலும் மும்மைத் தாவல்கள் மூன்று, தவறில்லாமல். ஒன்பது நடுவர்கள், ஆளுக்கு இரண்டு மதிப்பெண், ஒவ்வொன்றும் உச்சம் 6.0, ஆக மொத்தம் 108. கரி வாங்கியது 105.9. சோவியத் நடுவரும் கனடா நடுவரும் தத்தம் நாட்டவரை முதலிடத்தில் வைத்தார்கள், மற்ற ஏழு பேரும் கரியை வைத்தார்கள். பனிப்போர் காலத்தில், நாட்டுப் பாசம் மதிப்பெண்ணில் பச்சையாகத் தெரிந்த ஒரு விளையாட்டில், இப்படி ஒரு பெரும்பான்மை லேசில் அமையாது. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே பதக்கமும் அதுதான்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். கட்டாய வடிவங்கள் ஸ்கேட்டிங்கை அநியாயமாக ஆட்டிப்படைத்த காலமும் உண்டு. 1972-இல் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா சுதந்திர ஆட்டத்தில் ஏழாவதாக வந்தும் ஒலிம்பிக் தங்கம் வென்றார், வடிவங்களில் அவ்வளவு தூரம் முன்னால் இருந்ததால். தொலைக்காட்சியில் சுதந்திர ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுத்த பருவத்திலேயே இசைக்கு ஆடும் சுருக்கமான இன்னொரு சுற்று, அதாவது குறும் ஆட்டம், சேர்க்கப்பட்டு வடிவங்களின் பங்கு குறைக்கப்பட்டது. கரிக்குப் பின் வந்த கசின்ஸை எடுத்துக்கொண்டாலும் அப்படியே. 1980-இல் லேக் பிளாசிடில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், ஆனால் உலகப் பட்டம் ஒருமுறைகூடக் கைக்கு வரவில்லை, காரணம் வடிவங்கள். எனவே போட்டி மதிப்பெண்ணிலிருந்து அவற்றை 1990-இல் நீக்கியதை நான் குறை சொல்லமாட்டேன். மதிப்பெண்ணோடு சேர்த்துப் பயிற்சியையும் தூக்கி எறிந்ததுதான் தவறு. மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கு ஐஸ் வாடகை கொடுக்க எந்தப் பெற்றோரும் முன்வரவில்லை. சில வருடங்களிலேயே பயிற்சி நேரம் முழுக்கத் தாவல்களுக்குப் போய்விட்டது.

ஒலிம்பிக்குக்குப் பின் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். வென்ற கையோடு, அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பது பத்திரிகையில் வெளியாகி உலகம் முழுக்கப் பரவியது. செய்தியாளர்கள் அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆண்மையைப் பற்றிக் கேட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அத்தகைய உறவு குற்றமல்ல என்று சட்டம் வந்து ஒன்பது வருடம்கூட ஆகாத காலம் அது. அவர் மறுக்கவில்லை, ஒளியவில்லை. அந்த ஒரு நிமிர்வுக்காகவே அவரை எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் கொண்டாடலாம்.

பிறகு போட்டியை விட்டு மேடைக்குப் போனார். அங்கேதான் விளிம்பின் அருமை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. ஒலிம்பிக் ஐஸ் தளம் 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நாடக மேடையில் போடும் ஐஸ் அதில் ஒரு சிறு பங்குதான். வேகம் கூட்ட இடமில்லை, பெரிய தாவலுக்கு ஓட்டம் கிடைக்காது, பத்துப் பேர் சேர்ந்து ஆடினால் ஒருவர் பிளேடு இன்னொருவர் காலில் படும் ஆபத்து. அப்படிப்பட்ட இடத்தில் ஆழமான விளிம்பும் சட்டென்ற திருப்பமும் மட்டும்தான் கைகொடுக்கும். கரி தன் குழுவை நடனக் குழுவைப் போல அன்றாட வகுப்போடு நடத்தினார். எல்லோரும் ஒரே விளிம்பில், ஒரே ஆழத்தில், ஒரே நொடியில் திரும்பும் பயிற்சி. கென்னத் மக்மில்லன், ட்வைலா தார்ப், பீட்டர் மார்ட்டின்ஸ் போன்ற நடன அமைப்பாளர்கள் ஐஸுக்காகப் படைத்தது இவரை நம்பித்தான். 1984-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில், நேரடி இசைக்குழுவோடு அவர் குழு ஆடியது. 1987-இல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 1994 ஏப்ரல் 15-இல், 44 வயதில் காலமானார். அவர் குழுவில் ஆடிய நேதன் பர்ச், டிம் மர்ஃபி இருவரும் பால்டிமோரில் ஒரு ஐஸ் நடனக் குழுவைத் தொடங்கி அந்த வழியைத் தொடர்ந்தார்கள்.

இன்றைய மதிப்பெண் முறைக்கு வருகிறேன். அண்மைப் பருவங்களின் அட்டவணைப்படி டோ லூப் என்ற தாவலை மூன்று சுற்றாகச் செய்தால், அதாவது மும்மை டோ லூப்புக்கு, அடிப்படை மதிப்பு 4.2. நான்கு சுற்று டோ லூப்புக்கு 9.5, அதைவிடக் கடினமான லட்ஸ் என்ற தாவலை நான்கு சுற்றாகச் செய்தால் 11.5. தளத்தின் முழு நீளத்தையும் கடந்து, பலவகைத் திருப்பங்களை இரண்டு திசையிலும் காட்ட வேண்டிய உச்ச நிலை அடிவைப்புத் தொடருக்கு 3.9. மூச்சு வாங்க வைக்கும் அந்த முழுத் தொடரும் ஒரே ஒரு எளிய மும்மைத் தாவலுக்குக் கீழே. ஸ்கேட்டிங் திறனுக்குத் தனி மதிப்பெண் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பத்துக்கு. ஆண்கள் சுதந்திர ஆட்டத்தில் அதை 3.33-ஆல் பெருக்குவார்கள். அப்படியானால் 8.5 வாங்கியவருக்கும் 9.5 வாங்கியவருக்கும் இடையே வித்தியாசம் 3.33. மும்மை டோ லூப்பை நான்கு சுற்றாக்கினால் கிடைக்கும் வித்தியாசம் 5.3. எந்தப் பயிற்சியாளரும் எதற்கு நேரம் ஒதுக்குவார்? அவர்கள்மேல் பழி போட முடியாது, கணக்கு அப்படி இருக்கிறது.

உச்ச நிலை அடிவைப்புத் தொடரின் மதிப்பைக் குறைந்தபட்சம் மும்மை லட்ஸ் அளவுக்கு, அதாவது 5.9-க்கு, உயர்த்த வேண்டும். இது சர்வதேச ஸ்கேட்டிங் அமைப்பு செய்ய வேண்டியது. அதற்குக் காத்திராமல் கிளப்புகளே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு, ஐஸைச் சுத்தம் செய்த உடனே, தாவல் பயிற்சிக்கு முன் 20 நிமிடம். முழு அளவுத் தளத்தை ஆளுக்கு 6 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் என்று பிரித்தால் ஒரே நேரத்தில் இருபது பிள்ளைகள் நிற்கலாம், வாடகை இருபதாகப் பிரிந்துவிடும். வட்டம் வரைய ஒரு பெரிய கவராயம் போதும். புதிய பிளேடு வாங்க வேண்டாம். தாவல் பிளேடிலேயே வெளி விளிம்பு எட்டு, உள் விளிம்பு எட்டு, 'த்ரீ' திருப்பம் மூன்றும் போடலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் கோட்டைக் குனிந்து பார்த்து, எங்கே இரட்டைக் கோடு விழுந்தது என்று தானே காட்ட வேண்டும். பயிற்சியாளர் அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.