காசு கொடுத்து வாங்கிய டேட்டா கையில் இருக்க, வைஃபைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

அப்டேட்டோ செயலியோ இறக்கப் போனால் 'வைஃபைக்காகக் காத்திருக்கிறது' என்று போன் திரையில் ஒரு வரி வருகிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எந்த வைஃபைக்காக? எங்கள் வீட்டில் வைஃபை கிடையாது. பக்கத்து வீட்டில் கிடையாது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையை விட்டு ரப்பர்த் தோட்டத்துக்குள் இறங்கினால், எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. கேபிள் இணைப்பு கேட்டால், புதிதாகக் கம்பம் நட வேண்டும், இன்னும் சில வீடுகள் சேர்ந்தால் பார்க்கலாம் என்ற பதில்தான் வருகிறது. சேர்ந்தாலும் என்ன? நல்ல காற்று ஒன்று அடித்தால் ரப்பர் மரம் ஒடிந்து வயரின் மேல்தான் விழும். 2017இல் ஒக்கிப் புயலின்போது ரப்பரும் வாழையும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் வைஃபை பெட்டியும் சேர்ந்து அணைந்துவிடும். டவர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். சிம் வழியாக நெட் வந்துகொண்டிருக்கும். எங்களுக்கு இணையம் என்றால் அந்த சிம்தான். வேறு ஒன்று இருந்தும் அதை நாங்கள் பயன்படுத்தாமல் விட்டுவிடவில்லை.

அந்த சிம்முக்கு முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறோம். நாளொன்றுக்கு 2 ஜிபி என்று கணக்கு. அன்றன்று தீர்க்காவிட்டால் நள்ளிரவு 12 மணிக்கு மிச்சம் அத்தனையும் காலாவதி. அடுத்த நாளுக்குச் சேராது, பணமாகவும் திரும்பாது. 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் எல்லாம் கட்டணத்தை ஏற்றிய பிறகு இது இன்னும் உறைக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல் மிச்சம் கிடக்கும். அதே நேரத்தில் அதே போன், 300 எம்பி பாதுகாப்பு அப்டேட்டை இறக்க மாட்டேன், வைஃபையில் இணை என்று பிடிவாதம் பிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் என் பணம் வீணாகும்; அப்டேட்டும் வராது. வீட்டுக் கிணறு நிறைந்து நிற்கும்போது, தெருக்குழாயில் தண்ணீர் வரும்வரை தாகத்தோடு இரு என்று சொன்னால் யார் பொறுத்துக்கொள்வார்கள்?

மார்த்தாண்டம் சந்தையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏத்தன் வாழைக்குலை வாங்கி, பணம் செலுத்தப் போனைத் திறந்தால், புதிய பதிப்பை நிறுவினால்தான் தொடர முடியும் என்கிறது பணம் செலுத்தும் செயலி. சரி, நிறுவுகிறேன் என்று தொட்டால் பிளே ஸ்டோர் வைஃபைக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது. சிக்னல் நான்கு கோடும் இருக்கிறது, டேட்டா இருக்கிறது, வங்கியில் பணம் இருக்கிறது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். "விடு மக்களே, அடுத்த முறை தா" என்று அந்த அண்ணாச்சி சொன்னார். அவர் நல்ல மனிதர். ஆனால் நூறு எம்பி கூட இல்லாத ஒரு பதிவிறக்கத்துக்காக நான் ஏன் சந்தையில் கடன் சொல்லி நிற்க வேண்டும்? அந்தத் தேர்வை மாற்ற பிளே ஸ்டோரில் வழி இருக்கிறது. மேலே வலது மூலையில் நம் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், நெட்வொர்க் விருப்பங்களைத் திறந்தால் 'எந்த நெட்வொர்க்கிலும்' என்று ஒன்று இருக்கும். ஆனால் அவசரத்தில் நிற்கிறவரின் முன்னால் அந்தக் கேள்வியை வைக்காமல் மூன்று திரைக்கு அடியில் புதைத்து வைப்பது என்ன நியாயம்? என் மாமாவுக்கு அறுபத்தைந்து வயதாகிறது. அவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைக்கிறவர்கள், போனையே வேலைக் கருவியாகக் கொண்டவர்களைப் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவைச் செயலி வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். வேலை நடக்கும் இடத்தில் நின்று, நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். அங்கன்வாடி அக்கா குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் போனில்தான் பதிகிறார். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வருகைப் பதிவும் செயலிதான். இவர்களில் எத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் வைஃபை இருக்கிறது? ஓடைக்கரையில் மண் வெட்டும் இடத்தில் யார் வைஃபை வைத்திருப்பார்கள்? செயலியை அப்டேட் செய்யாததால் பதிவு ஏறவில்லை என்றால் கூலி நிற்பது தொழிலாளிக்கு. மலையோரத்தில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களிடம், மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலியை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். கடலுக்குப் போகிறவர்களிடம், வானிலைச் செயலியைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்கிறோம். செயலி வைத்திருந்தால் மட்டும் போதுமா? அது வேலை செய்கிற பதிப்பாக இருக்க வேண்டாமா?

என் சித்தியின் போன் மழையில் நனைந்து செத்துப்போனது. கடைக்காரர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். வாட்ஸ்அப் பேக்கப் இருக்குமே என்று புதிய போனில் தேடினால், ஒரு நாளும் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. ஏனென்றால் யாரும் மாற்றாவிட்டால் அது வைஃபையில் மட்டும்தான் பேக்கப் எடுக்கும். சித்தி தன் வாழ்நாளில் வைஃபையில் இணைந்ததே இல்லை. படங்களைச் சேமித்து வைக்கும் செயலியும் அப்படியே காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இறந்துபோன பாட்டாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. தினமும் ஒரு ஜிபி மிச்சமாகிக் காலாவதியான சிம் அது. 'உங்கள் படங்கள் எதுவும் சேமிக்கப்படவில்லை, மொபைல் டேட்டாவில் சேமிக்கலாமா?' என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை உரக்கக் கேட்டிருந்தால் சித்தி 'ஆம்' என்று அழுத்தியிருப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் பேசவில்லை. வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் இருக்கிற நாடுகளில், மொபைல் டேட்டா என்பது வெளியே போகும்போது மட்டும் தொடுகிற விலை உயர்ந்த பொருளாக இருந்தது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் ஒரு ஜிபி 200 ரூபாய்க்கு மேல் விற்றது. அப்போது தெரியாமல் ஒரு வீடியோ ஓடினால் பேலன்ஸ் துடைத்துக்கொண்டு போய்விடும். அன்றைக்கு அந்தத் தடை நியாயமானது. ஆனால் 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அந்தக் கணக்கே தலைகீழாக மாறிவிட்டது. 2024 முடிவில் இந்தியாவின் பிராட்பேண்ட் சந்தாதாரர்கள் 90 கோடிக்கும் மேல். அதில் கம்பிவழி இணைப்பு வைத்திருப்பவர்கள் 4 கோடி சுற்றுத்தான். இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்கு. மீதிப் பேரில் பெரும்பாலோர் சிம்மை நம்பியிருக்கிறவர்கள். அத்தனை பேருக்கும் போன் விற்கத் தெரிகிறது. அவர்கள் எப்படி இணையம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கத் தெரியவில்லை.

ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் ஆப் ஸ்டோர் வந்தபோது மொபைல் நெட்வொர்க்கில் 10 எம்பிக்கு மேல் இறக்க முடியாது. பிறகு அது 20, 50, 100, 150, 200 எம்பி என்று பத்தாண்டுக்கும் மேலாகத் தவணை முறையில் உயர்ந்தது. 2019இல் ஐஓஎஸ் 13 வந்தபோதுதான், அளவு எதுவானாலும் இறக்கு, 200 எம்பியைத் தாண்டினால் கேள், எப்போதும் கேள் என்று மூன்று தேர்வுகளை உரிமையாளரிடமே விட்டார்கள். விட்டதால் எந்த வானமும் இடிந்து விழவில்லை. பணம் கொடுத்து போன் வாங்கியவரை நம்புவதற்குப் பதினோரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஆண்ட்ராய்டில் வேறு விதமான அநியாயம். ஒவ்வொரு இணைப்பையும் அது 'அளவிடப்படுவது' (செலவாகும் டேட்டாவுக்குக் கணக்கு உள்ளது), 'அளவிடப்படாதது' (அந்தக் கணக்கு இல்லாதது) என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வைஃபை என்றால் அளவிடப்படாதது, சிம் என்றால் அளவிடப்படுவது என்பதுதான் அதன் இயல்பான நினைப்பு. வைஃபை இணைப்பு ஒன்றை எப்படிக் கருத வேண்டும் என்று நாமே மாற்றிக்கொள்ள செட்டிங்ஸில் இடம் இருக்கிறது. சிம்முக்கு அப்படி ஒரு தேர்வு என் போனில் இல்லை. 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11இல், 5ஜி இணைப்பைத் தற்காலிகமாக அளவிடப்படாதது என்று குறிக்க ஒரு வழி செய்தார்கள். ஆனால் அந்த முத்திரையைக் குத்தும் அதிகாரம் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம். நாகர்கோவிலுக்குப் போகும்போது எனக்கு 5ஜி கிடைக்கிறது. என் திட்டத்தில் 5ஜிக்கு அளவு கிடையாது என்று சொல்லித்தான் விற்றார்கள். அங்கே நின்று முயன்றாலும் சிஸ்டம் அப்டேட் அதே பாட்டைத்தான் பாடுகிறது. அளவே இல்லாத இணைப்பில் எதை மிச்சப்படுத்துகிறது இந்த போன்?

கடைசியில் நாங்கள் செய்வது என்ன தெரியுமா? மாமாவின் போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, என் போனை அதில் இணைக்கிறேன். உடனே என் போனுக்கு வைஃபை கிடைத்துவிட்டது, அப்டேட் இறங்குகிறது. அதே டவர், அதே நிறுவனத்தின் சிம், அதே தினசரி அளவு. ஒரு பைசா டேட்டா மிச்சமாகவில்லை; இரண்டு போன்களின் பேட்டரிதான் தீர்ந்தது. சில போன்கள் இதையும் கண்டுபிடித்து மறுக்கின்றன. அப்போது செட்டிங்ஸில் போய் அந்த ஹாட்ஸ்பாட்டை 'அளவிடப்படாததாகக் கருது' என்று மாற்ற வேண்டும். வீட்டில் ஒரே ஒரு போன் இருக்கிறவர் என்ன செய்வார்? தோட்டத்துக் குடியிருப்பில் தனியாக இருக்கிற பால்வெட்டுத் தொழிலாளி யாரிடம் போய் ஹாட்ஸ்பாட் கேட்பார்? பஸ் ஏறி டவுனுக்குப் போய் மொபைல் கடையில் பணம் கொடுத்து அப்டேட் செய்துகொண்டு வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். தன் பெயரில் தினமும் 2 ஜிபி இருக்கிறவர், அடுத்தவர் வைஃபைக்குக் கூலி கொடுக்கிறார்.

இதில் மிகவும் கோபம் வருவது பாதுகாப்பு அப்டேட்டை நினைத்தால்தான். ஓட்டை அடைபடாத போன்களைத்தான் திருடர்கள் தேடுகிறார்கள் என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்புகிறது, காவல்துறை அறிவுரை சொல்கிறது, எப்போதும் அப்டேட் செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொது இடத்து வைஃபையில் இணையாதீர்கள் என்றும் அதே வாயால் சொல்கிறார்கள். வீட்டில் வைஃபை இல்லாதவர் இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கடைப்பிடிப்பார்? பணக்கார வீட்டுப் போனுக்கு இரவோடு இரவாகப் பாதுகாப்பு வந்து சேர்கிறது. கூலித் தொழிலாளியின் போன், அவருடைய மொத்தச் சேமிப்பும் இருக்கிற வங்கிச் செயலியோடு, மாதக் கணக்கில் பழைய ஓட்டைகளோடு கிடக்கிறது. இது பாரபட்சம். வேறு பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நாளுக்கு ஒரு ஜிபி மட்டும் வைத்திருப்பவரின் போனில் 3 ஜிபி அப்டேட் தானாக இறங்கத் தொடங்கினால், அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்து, வேகம் 64 கேபிபிஎஸ்சுக்கு விழுந்து, பிள்ளையின் பாடம் கூடத் திறக்காது. உண்மைதான். அதனால்தான் கேட்காமல் இறக்கு என்று நான் சொல்லவில்லை. அளவைச் சொல்லிக் கேள் என்கிறேன். 'இது 340 எம்பி. உங்கள் மொபைல் டேட்டாவில் இறக்கவா?' என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதைச் செய். பெரிய அப்டேட் என்றால் இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடர விடு; இரவு பதினொன்றுக்கு மேல், காலாவதியாகப் போகிற மிச்சத்தில் மட்டும் இறக்கு என்று ஒரு தேர்வு கொடு. இதையெல்லாம் செய்ய முடியாத கருவியா இது?

போன் நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "நிலையான வைஃபை இணைப்பில் இணைத்துவிட்டு முயலுங்கள், மேடம்" என்றார். எங்கள் ஊரில் வைஃபை இல்லை என்றேன். "அருகில் உள்ள வைஃபை வசதி கொண்ட இடத்துக்குச் செல்லலாம், மேடம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் முன்னால் இருக்கிற தாளில் அவ்வளவுதான் எழுதியிருக்கும். அந்தத் தாளை எழுதியவருக்குத்தான் இது போய்ச் சேர வேண்டும். அதனால் புகாரை எழுத்திலும் அனுப்பியிருக்கிறேன். மேலோட்டமான பதில் வந்தால் மறுபடியும் அனுப்புவேன்.

வீட்டில் பெரியவர்கள் போன் வைத்திருந்தால் இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். பிளே ஸ்டோரில் பதிவிறக்கத் தேர்வை 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அரட்டை பேக்கப் பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவிலும் எடுக்கும்படி செய்யுங்கள். வீடியோக்களை விட்டுவிட்டால் அளவு குறையும். படங்களைச் சேமிக்கும் செயலியிலும் அதே தேர்வு இருக்கிறது. இவ்வளவும் நம் கையில் இருப்பவை. சிஸ்டம் அப்டேட் மட்டும் நம் கையில் இல்லை. உங்கள் போனும் அதை மறுத்தால், மாதிரியின் பெயரையும் திரையின் படத்தையும் சேர்த்து அந்த நிறுவனத்துக்கு நீங்களும் எழுதுங்கள்.