கோணல் வீட்டைக் கோணலாகவே கட்டுங்கள்

இங்கிலாந்தில் டட்லி நகரத்துக்குப் பக்கத்தில், ஹிம்லியில் இருந்து, 2023-ல் எரிந்து இடிக்கப்பட்ட ‘குரூக்கட் ஹவுஸ்’ (கோணல் வீடு) என்ற பப்பை, அதாவது மதுக்கூடத்தை, திரும்பக் கட்டினால் அது வெறும் நகல்தானே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

1765-ல் பண்ணை வீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரி தோண்டத் தோண்ட மண் உள்வாங்கி, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறக்குறைய 4 அடி இறங்கிவிட்டது. 1830 வாக்கில் பப் ஆனது. அப்புறம் நிலத்துக்குச் சொந்தக்காரரான க்ளின் பெயரில் ‘க்ளின் ஆர்ம்ஸ்’ என்று பலகை வைத்தாலும், ஊர் வாயில் அது ‘சைடன் ஹவுஸ்’தான். அந்த வட்டாரப் பேச்சில் சைடன் என்றால் கோணல். விக்டோரியா ராணி காலம் முழுக்க அப்படிச் சாய்ந்தபடியே நின்று வியாபாரம் பார்த்த கட்டடம் அது. உள்ளே மேசை மேல் ஒரு கோலிக்குண்டை வைத்தால், அது மேட்டைப் பார்த்து ஏறுகிற மாதிரி கண்ணுக்குத் தெரியும். நேராக நிற்கிற பெரிய கடிகாரம்தான் சாய்ந்திருப்பது போலத் தோன்றும், ஏனென்றால் சுவர், சன்னல், கதவு எல்லாமே சாய்வு.

1940-களில் ஆபத்தான கட்டடம், இடிக்கலாம் என்றார்கள். ஒரு மதுபான ஆலை முட்டுச்சுவரும் இரும்பும் கொடுத்துக் காப்பாற்றியது. அப்படிப் பிழைத்தது 2023 ஜூலையில் கைமாறி, ஆகஸ்ட் 5 இரவு எரிந்தது. பாதையில் மண்மேடு கிடந்ததால் தீயணைப்பு வண்டி கிட்டே போக முடியவில்லை. இரண்டே நாளில் இயந்திரம் வந்து தரைமட்டமாக்கிவிட்டது. மேல்மாடியில் கொஞ்சத்தை எடுக்க மட்டுமே சம்மதித்தோம் என்கிறது உள்ளூர் கவுன்சில். பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் அதைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் அப்போதுதான் போயிருந்தது. இத்தனை வருஷம் ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

லண்டனில் ‘கார்ல்டன் டேவர்ன்’ என்ற பப்பை 2015-ல் அனுமதியில்லாமல் இடித்தார்கள். செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்ட வைத்து, 2021-ல் கதவு திறந்தது. இப்போது மக்கள் அங்கே போய் உட்கார்கிறார்கள். ஹிம்லியிலும் மூன்று வருஷத்துக்குள் பழையபடி கட்டச் சொல்லி உரிமையாளர்களுக்கு 2024 பிப்ரவரியில் கவுன்சிலின் உத்தரவு வந்தது. வேறு இடத்தில் கட்டலாம் என்ற பேச்சைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது. அந்தச் சாய்வைக் கொடுத்ததே அந்த மண். அதே இடத்தில், மீந்த செங்கல்லை வைத்து, அதே 4 அடி இறக்கத்தோடு கட்டட்டும்.