நான் போட்ட ரூட்டை மாற்ற நீ யார்?

"வேகமான பாதை கிடைத்தது. ரூட் புதுப்பிக்கப்பட்டது." பைக் பயணத்துக்கு ரூட் போடும் ஆப்பில், திரையின் உச்சியில் இந்த வரி வந்து, படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. மாற்றட்டுமா என்று ஒரு கேள்வி இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து கேப் டவுன் வரை உள்ரோடுகளிலேயே போவதற்கு வளைவு வளைவாகப் பார்த்து இழைத்த ரூட் அது. புதுப்பித்த பிறகு திறந்து பார்த்தால், கோக்ஸ்டாட்டில் என்2 தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து ம்டாட்டா வழியாகக் கீழே ஓடுகிறது. மக்லியர் போச்சு. நோடேஸ் நெக் கணவாய் போச்சு. ரோட்ஸ் கிராமம் போச்சு. மலை மொத்தமும் போச்சு!

யார் கேட்டது வேகமான பாதையை? வேகமாகப் போகிறவனுக்கு என்3 இருக்கிறது, புளூம்ஃபான்டேனில் என்1 இருக்கிறது. 1,600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நேர்ரோடு, அதற்கு ஆப்பே வேண்டாம். ஒருவன் உட்கார்ந்து அண்டர்பெர்க், ஆர்617, மட்டட்டியேல, ஆர்56 என்று சின்ன ஊர்களிலும் உள்ரோடுகளிலும் புள்ளி வைக்கிறான் என்றால் அவனுக்கு நேரம் மிச்சம் பிடிக்கும் எண்ணமே இல்லை. இவ்வளவு புள்ளிகளைப் பார்த்த பிறகும் அது புரியாத ஒரு மென்பொருளை "பைக் பயணத் திட்டமிடலுக்கென்றே" என்று விளம்பரம் செய்து, ஆண்டுச் சந்தாவும் வாங்குகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று இன்னும் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்த அநியாயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாதையை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஜிபிஎக்ஸ் ஃபைலுக்குள் ரூட் வேறு, டிராக் வேறு. ரூட் என்றால் நீங்கள் வைத்த சில புள்ளிகள் மட்டும்தான். இரண்டு புள்ளிக்கு நடுவே எந்த ரோடு என்பதை, ஃபைலைத் திறக்கிற கருவி தன்னுடைய வரைபடத்தையும் தன்னுடைய செட்டிங்கையும் வைத்துத் தானே முடிவு செய்யும். அனுப்பியவர் போனில் வளைந்து நெளிந்து போன கோடு, வாங்கியவர் போனில் நேர்ரோடாக நிற்பது இதனால்தான். டிராக் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகள் நெருக்கமாக, போட்டது போட்டபடி இருக்கும். கருவி அதைக் காட்ட மட்டும்தான் செய்யும், கை வைக்காது. ஆகவே நாலு பேர் சேர்ந்து போகிற பயணத்துக்கு ரூட்டை மட்டும் அனுப்பினால் நாலு பேரும் நாலு திசையில் நிற்பார்கள். டிராக் கட்டாயம் போக வேண்டும். இதை அந்த ஆப் சொல்கிறதா? "பகிர்" என்று ஒரே பட்டன். அழுத்தினால் போவது ரூட். டிராக் வேண்டுமென்றால் மூன்று மெனு ஆழத்தில் தேட வேண்டும்.

அப்புறம் அந்த "நெடுஞ்சாலை வேண்டாம்" டிக். அதைப் போட்டும் என்2 ஏன் வருகிறது என்று கேட்காத ஆள் இல்லை. ஆப்புக்கு நெடுஞ்சாலை என்றால் மேம்பாலச் சந்திப்புகளோடு இருபுறமும் பிரிந்து ஓடுகிற ஃப்ரீவே மட்டும்தான். கோக்ஸ்டாட்டைத் தாண்டி டிரான்ஸ்கை வட்டாரம் வழியாகப் போகிற என்2 பெரும்பாலும் ஒற்றை ரோடு. மவுண்ட் ஃப்ரியர் கடைத்தெருவுக்குள்ளும் ம்டாட்டா நெரிசலுக்குள்ளும் நுழைந்துதான் போகும். ஆகவே அது ஃபில்டரில் சிக்காது. லாரி வரிசை, டாக்ஸி, ரோட்டில் படுத்திருக்கும் மாடு எல்லாம் சேர்ந்த ரோடு "அழகிய கிராமச் சாலை" என்ற பெயரில் வந்து நிற்கிறது. வயிறு எரிகிறது.

ஆனாலும் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்வார்ட்பெர்க்கில் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

தேடும் கட்டத்தில் "ஸ்வார்ட்பெர்க்" என்று அடித்தால் எது வர வேண்டும்? ஓட்ஸ்ஹூர்னுக்கும் பிரின்ஸ் ஆல்பர்ட்டுக்கும் நடுவே, தாமஸ் பெயின் கட்டி 1888-இல் திறந்த கணவாய் வர வேண்டும். ஆர்328, சரளை ரோடு, உச்சி சுமார் 1,580 மீட்டர். கைதிகளை வைத்து, சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய தாங்குசுவர்கள் இன்னும் அந்த வளைவுகளைத் தாங்கி நிற்கின்றன. இந்த நாட்டில் பைக் ஓட்டுகிறவன் எவனும் ஸ்வார்ட்பெர்க் என்றால் இதைத்தான் சொல்வான். ஆப் பிடித்தது க்வாசூலு-நடாலில் இருக்கும் ஸ்வார்ட்பெர்க் என்ற சின்ன ஊரை. அந்த ஊர் எங்கே இருக்கிறது? அண்டர்பெர்க்கிலிருந்து கோக்ஸ்டாட் போகிற அதே ஆர்617-இல்! முதல் நாள் நாம் எப்படியும் தாண்டப்போகிற ஊர். அதனால் கோட்டில் ஒரு கோணலும் தெரியாது, கிலோமீட்டரும் ஏறாது. பட்டியலில் ஸ்வார்ட்பெர்க் என்ற பெயர் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கணவாய் மட்டும் காணாமல் போயிருக்கும். அதற்குப் பதிலாக மேரிங்ஸ்பூர்ட் வழியாக என்12 தார் ரோட்டில் மலையைக் கடக்க வைக்கும். மேரிங்ஸ்பூர்ட்டும் அழகான பள்ளத்தாக்குதான், ஆற்றை 25 இடத்தில் கடக்கும் ரோடு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டது அது இல்லையே.

சரி, பெயர் வேண்டாம், கையால் புள்ளி வைப்போம் என்று கணவாய் உச்சியில் விரலை வைத்தால் அடுத்த கூத்து. உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினதும் இடதுபக்கம் ஒரு ரோடு பிரியும். காம்காஸ்க்ளூஃப், டி ஹெல் என்று சொல்கிற பள்ளத்தாக்குக்குப் போகிற ரோடு. 1962-இல்தான் அங்கே வண்டி போக வழி வெட்டினார்கள். 37 கிலோமீட்டர், அந்தப் பக்கம் வண்டிக்கு வழி கிடையாது, போன வழியேதான் திரும்ப வேண்டும். போனின் சின்னத் திரையில் இரண்டு ரோடும் ஒன்றாகத்தான் தெரியும். புள்ளி பிரதான ரோட்டுக்குப் பதிலாக டி ஹெல் ரோட்டுக்குள் 200 மீட்டர் போய் விழுகிறது. இங்கே ஆப் என்ன செய்ய வேண்டும்? "இந்தப் புள்ளி முட்டுச்சந்துக்குள் விழுந்திருக்கிறது, நகர்த்தட்டுமா" என்று கேட்க வேண்டும். கேட்காது. "யு-டர்ன் தவிர்" என்ற செட்டிங் ஆரம்பத்திலேயே ஆன் ஆகி இருப்பதால், அந்த 200 மீட்டரில் திரும்புவதற்கு அதற்கு மனம் வராது. ரோட்டின் கடைசி வரைக்கும் இறக்கிக்கொண்டு போய், அங்கே திருப்பி, மேலே கொண்டு வருகிறது. 200 மீட்டர் பிழைக்கு 74 கிலோமீட்டர் தண்டனை! எலண்ட்ஸ் பாஸ் கொண்டைஊசி வளைவுகளில் ஒருமுறை இறக்கம், ஒருமுறை ஏற்றம். ஒருவழிக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும் ரோடு. உள்ளே பெட்ரோல் பங்க் கிடையாது.

அந்த நாளின் மொத்தத் தூரத்தில் இந்த 74 கரைந்துவிடும், கண்ணில் படாது. காலையில் கிளம்பி உச்சிக்கு வந்து, "டி டாப்" பலகை பக்கத்தில் படம் எடுத்துவிட்டு இறங்கினால், இடது திரும்பு என்று குரல் வரும். பழக்கமில்லாதவன் திரும்பிவிடுவான். விவரம் தெரிந்தவன் திரும்பாமல் நேரே இறங்குவான். அப்போதாவது சும்மா இருக்குமா? வைத்த புள்ளியைத் தொடவில்லை என்பதால் "திரும்பு, திரும்பு" என்று பிரின்ஸ் ஆல்பர்ட் வரை காதுக்குள் கத்திக்கொண்டே வரும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், முன் சக்கரம் சரளையில் வழுக்குகிறது, ஹெல்மெட்டுக்குள் இந்தக் குரல். புள்ளியைத் தவிர்க்க பட்டன் எங்கே என்றால், வண்டி ஓடும்போது பாதுகாப்புக்காக மெனு பூட்டப்பட்டிருக்கிறது என்கிறது. பாதுகாப்பு! கொண்டைஊசியில் ஒருவனைத் திரும்பச் சொல்லி வற்புறுத்துவதுதான் பாதுகாப்பா?

தம்பிமாரே, இனிமேல் புள்ளி வைக்கும்போது ரோட்டின் அகலம் தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டு வையுங்கள். சந்திப்பிலேயே வைக்காதீர்கள், சந்திப்பைத் தாண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கிளை பிரியாத இடத்தில் வையுங்கள். ஊருக்கு நடுவே வைத்தால் ஏதாவது ஒரு சந்துக்குள் சுற்றவிடும், ஊருக்கு வெளியே வையுங்கள். வழியைப் பிடித்து நிறுத்துவதற்கு வைப்பது ஷேப்பிங் பாயிண்ட், தவறினாலும் பெரும்பாலும் கத்தாது. நின்று போக வேண்டிய இடம் வையா பாயிண்ட், அது விடாது. பெட்ரோலுக்கும் படுக்கைக்கும் மட்டும் வையா வைத்தால் போதும். தானாக மறுகணக்கிடுவதை அணைத்துவிடுங்கள். டிராக்கைத் தடித்த நிறத்தில் அடியில் போட்டுவிட்டு, கருவி என்ன உளறினாலும் டிராக்கைப் பார்த்து ஓட்டுங்கள். ஒரு நாளுக்கு ஒரு ஃபைல். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், கேரூ வறள்நிலத்தில் சிக்னலை நம்பி ஒரு திருப்பம் திரும்ப முடியாது.

நேரக் கணக்கு இன்னொரு எரிச்சல். ஊருக்கு வெளியே பொது வேக வரம்பு 100 என்பதால் சரளை ரோட்டையும் கிட்டத்தட்ட அதே கணக்கில் போட்டுவிடுகிறது. பக்கப்பெட்டியும் பின்னால் ஆளும் வைத்துக்கொண்டு ஸ்வார்ட்பெர்க்கின் 24 கிலோமீட்டர் சரளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நோடேஸ் நெக்கில் மழை பெய்திருந்தால் கணக்கே இல்லை. நாளின் மூன்றில் ஒரு பங்கு சரளை என்றால் மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல் போடாதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு ஆர்56-இல் பள்ளத்தையும் ஆட்டையும் பிரித்துப் பார்க்க எந்த விளக்கும் உதவாது.

"ஆர்" எழுத்தைப் பார்த்தால் தார் என்று நினைத்துக்கொள்வதும் இந்த ஆப் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம். ஆர்62 வழுவழு தார். அதே வட்டாரத்தில் சேவவீக்ஸ்பூர்ட்டுக்குள் போகும் ஆர்323 சரளை. நோடேஸ் நெக் ஏறும் ஆர்396 சரளை. பிரின்ஸ் ஆல்ஃப்ரட்ஸ் பாஸ் ஆர்339 சரளை, பாவியான்ஸ்க்ளூஃப் ஆர்332 சரளை, அதில் ஆற்றையும் தண்ணீருக்குள்ளேயே கடக்க வேண்டும். எல்லாமே திரையில் ஒரே மஞ்சள் கோடு! ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் ரோட்டின் மேற்பரப்பு என்ன என்று ஆர்வலர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தரவைத்தான் இவர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எடுத்தவர்களுக்கு அதை நிறம் பிரித்துக் காட்டுவதற்கு என்ன கேடு? தெரியாமல் சரளையில் மாட்டுகிறவன் டயரில் 2.5 பார் காற்றழுத்தத்தோடு சரளையின் அலைமடிப்பில் ஏறி, ஹேண்டில் கையில் ஆடி விழுகிறான். முன்பே தெரிந்தால் முன் டயரை 1.8-க்கும் 2.0-க்கும் நடுவே இறக்கியிருப்பான். சுமை இருந்தால் பின் டயரை 2.2-க்குக் கீழே இறக்கக் கூடாது, கல்லில் ரிம் நெளியும். தாருக்கு வந்ததும் ஏற்ற 12 வோல்ட் பம்ப் ஒன்று பையில் இருக்க வேண்டும்.

பெட்ரோலையும் அது சொல்லாது. மக்லியரில் நிரப்பினால் அடுத்து நம்பி நிற்கக்கூடிய இடம் பார்க்லி ஈஸ்ட். நடுவே நோடேஸ் நெக் இருக்கிறது. நியூ-பெதஸ்டாவில் பங்க்கே இல்லை, கிராஃப்-ரைநெட்டில் நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும். 20 லிட்டர் டேங்க், 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர், ஆகவே 400 என்பது காகிதத்தில். எதிர்க்காற்றும் சரளையும் சேர்ந்தால் 300-க்கு மேல் நம்பாதீர்கள். மின்சாரம் போனால் சின்ன ஊரில் கார்டு மெஷினும் சேர்ந்து படுத்துவிடும், ரொக்கம் வையுங்கள்.

நோடேஸ் நெக் 2,500 மீட்டருக்கு மேல் உயரம். பனி விழுந்தால் மூடிவிடும். 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் என்3-யே பனியில் அடைபட்டு வண்டிகள் இரவெல்லாம் நின்றன. மாற்றுவழியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்: மக்லியரிலிருந்து ஆர்56-இலேயே எலியட் போய், ஆர்58-இல் பார்க்லி பாஸ் ஏறினால் தாரிலேயே பார்க்லி ஈஸ்ட் வந்துவிடும். அதுவும் கண்ணுக்கு விருந்தான ரோடு. அதைத் தனி டிராக்காக வேறு நிறத்தில் போட்டு வையுங்கள்.

செப்டம்பர் என்றதும் இன்னொன்று. வெயிலும் இல்லாமல் கடுங்குளிரும் இல்லாமல் கேரூவில் ஓட்ட நல்ல காலம் அதுதான். அதன் நடுவில்தான் நமக்குப் புரட்டாசியும் பிறக்கிறது. நம் வீடுகளில் பாதிப் பேர் மாதம் முழுக்க விரதம். உள்ரோட்டுக் கடைகளில் விரதக்காரன் சாப்பிட என்ன இருக்கிறது? சீஸ்-தக்காளி டோஸ்ட். காலையில் அது, மத்தியானம் அது, ராத்திரியும் அது. பூசணிப் பணியாரத்தில் முட்டை. பச்சை பீன்ஸ் கறி இருக்கிறது என்று எழுதிப்போட்டிருப்பதைப் பார்த்து ஆசையாகக் கேட்டால் அதற்குள் ஆட்டுக்கறி! பீன்ஸை பீன்ஸாகச் சமைக்க என்ன கஷ்டம்? டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எந்த மூலைக்கடையிலும் சுகர் பீன்ஸ் 'பன்னி சௌ', அதாவது குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய பீன்ஸ் கறி, கிடைக்கிறது. இத்தனை பைக்குகள் நின்று போகிற ரோட்டில், ஒரு பானை பீன்ஸ் கறியைத் தனியாகக் கொதிக்கவைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!