மூப்பரும் கண்காணியும்

கிறிஸ்தவ சபைகளில் தேர்தல் நெருங்கினாலே, சபையைக் கவனிக்கும் ‘மூப்பர் பதவி’க்கு யார் நிற்கிறார், யாருக்குப் பின்னால் எத்தனை வீடு என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. கேட்கவே வேதனையாக இருக்கிறது. அந்தப் பெயர் வந்த வழி தெரிந்தால் இவ்வளவு போட்டி இருக்காது என்று நினைக்கிறேன்.

கிரேக்கத்தில் ‘பிரெஸ்பித்தெரோஸ்’. வயதில் மூத்தவர் என்று பொருள். ஆனால் சபைக்கு இது யூதர்களிடமிருந்து வந்த ஏற்பாடு. மோசே ஒருவராகச் சுமந்த ஜனங்களின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பர் கூட்டப்பட்டதை வேதாகமத்தின் எண்ணாகமம் 11இல் வாசிக்கிறோம். பாரம் சுமக்கத்தான் கூப்பிட்டார்கள்.

புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஐத் திறந்து பாருங்கள். பவுல் மிலேத்துவிலிருந்து ஆள் அனுப்பி எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கிறார். அதே ஆட்களிடம் பேசும்போது, மந்தையைப் பார்த்துக்கொள்ள வைக்கப்பட்ட கண்காணிகள் என்கிறார். கண்காணி என்பது ‘எபிஸ்கோபோஸ்’. பின்னால் ‘பிஷப்’ ஆனது இந்தச் சொல்தான். தீத்து முதல் அதிகாரத்திலும் 5ஆம் வசனத்தில் மூப்பர், 7ஆம் வசனத்தில் கண்காணி. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்ற அடுக்கு அங்கே இல்லை. லத்தீன் வேதாகமம் தந்த ஜெரோமும் ஆதியில் இருவரும் ஒன்றே என்று எழுதியிருக்கிறார்.

அடுக்கு சீக்கிரமே வந்துவிட்டது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா பிஷப் இக்நேஷியஸ் எழுதிய கடிதங்களில் ஒரே பிஷப், அவரைச் சுற்றி மூப்பர் குழு. அப்புறம் ‘பிரெஸ்பித்தெரோஸ்’ லத்தீன் வழியாக ஆங்கிலத்தில் ‘பிரீஸ்ட்’ ஆகி, பலி செலுத்தும் ஆசாரியனின் சாயல் அதில் ஏறிக்கொண்டது. புதிய ஏற்பாடு சபை மூப்பரை ஓரிடத்திலும் ஆசாரியன் என்று அழைக்கவில்லை.

1541இல் ஜெனீவாவில் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் வகுத்த சட்டத்தில் போதகர்களோடு, நகர மன்றங்களிலிருந்து 12 மூப்பர்களும் சபையின் ஒழுக்கத்தைக் கவனிக்க அமர்ந்தார்கள். பிரஸ்பிட்டேரியன் சபைகளின் பெயரே மூப்பரிலிருந்து வந்ததுதான். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் குருவானவருக்கே ‘பிரஸ்பிட்டர்’ என்று பெயர்.

பேதுருவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போஸ்தலன் என்று அதட்டியிருக்கலாம். ஆனால் மூப்பருக்குப் புத்தி சொல்லும்போது தன்னை உடன்மூப்பன் என்கிறார், இறுமாப்பாய் ஆளவேண்டாம் என்கிறார். பவுல் இன்னும் கண்டிப்பு. மூப்பர்மேல் வரும் புகாருக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். குற்றம் உண்மையானால் எல்லார் முன்பாகவும் கண்டிக்கவேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். முதல் பாதியை நம் சபைகள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது பாதியையும் நம் சபை விதிகளில் எழுதிவைக்கவேண்டும், இந்தத் தேர்தலுக்கு முன்பே.