குளிர்காற்று வந்தால் மட்டும் போதுமா?

அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இரண்டு பேர் ஏசி மாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குழாய்களை இணைத்ததும் வேக்கம் பம்பைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் முழுக்க வெளியேறும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார். மற்றவர் ஏசியைக் குளிர்விக்கும் கேஸையே கொஞ்சம் பீய்ச்சிக் காற்றை வெளியே தள்ளிவிட்டு, நட்டை முறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அன்று மாலை இரண்டு வீட்டிலும் நன்றாகக் குளிர்கிறது. சொல்லப்போனால், சீக்கிரம் முடித்தவருக்குத்தான் நல்ல பெயர்.

ஏசி மெக்கானிக்குக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்த இரண்டு வீடுகள்தான். தையல்காரர் சட்டையைக் கெடுத்தால் போட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எங்கள் தொழிலில் நல்ல வேலையும் மோசமான வேலையும் முதல் நாளில் ஒரே மாதிரி இருக்கும். குழாய்க்குள் தங்கிய ஈரம் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, உள்ளே இருக்கும் சுருள்கம்பியை மெல்ல அரிக்கும். கம்ப்ரஸர் நின்றுபோகும் நாளில் மாட்டியவரை யாருக்கும் நினைவிருக்காது. கம்பெனியைத் திட்டிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவார்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் செய்முறைத் தேர்வில் இரண்டு செப்புக் குழாய்களைப் பிரேசிங் செய்து, அதாவது உலோகக் கம்பியை உருக்கிப் பற்றவைத்து, இணைக்கச் சொன்னார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய தெம்பு இருந்தது. இணைப்பும் நகைவேலை மாதிரி வந்தது. அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள், துளி கசிவில்லை. தேர்வாளர் ஒன்றும் பேசாமல் அதை வைஸில் பிடித்து, ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பிளந்தார். உட்புறம் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. விரலால் தேய்த்துக் காட்டினார், கருப்புப் பொடி செதில் செதிலாக உதிர்ந்தது. குழாய்க்குள் நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே சூடேற்றியிருக்க வேண்டும். நான் சிலிண்டரைத் திறக்கவே இல்லை. சூட்டில் செம்பு உள்ளே இருந்த ஆக்ஸிஜனோடு சேர்ந்து அப்படிக் கறுத்துவிட்டது. அந்தப் பொடி நாளைக்குக் கேஸை நுண்ணிய துளை வழியாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் போய் அடைக்கும். அடுத்த முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இன்று யோசித்தால், குழாயை அறுத்துப் பார்க்கிற தேர்வுதான் தேர்வு.

வேக்கத்தைப் பற்றித் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் சொன்னதும் இதே கணக்குத்தான். வேக்கத்தை நாங்கள் அளப்பது மைக்ரான் என்ற அழுத்த அளவில். சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான். அதை 500க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஒருநாள் மீட்டர் 1,900இலேயே நின்றுவிட்டது. பம்ப் போய்விட்டது என்றேன். “பம்பைக் குறை சொல்லாதே, வால்வை மூடிவிட்டு எண்ணைப் பார்” என்றார். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம், ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஏறிக்கொண்டே போனது. குழாயை வெட்டிய இடத்தில் நான் எடுக்காமல் விட்ட ஒரு சிறு பிசிறு, அதனால் நட்டுக்குள் பொருந்த விரித்துவிடும் குழாய் முனை (ஃபிளேர்) சரியாக உட்காரவில்லை.

ஹீட்டர் பக்கம் வந்தால் கதை இன்னும் கொடியது. வாயு எரியும் ஹீட்டரில் வெப்பப் பரிமாற்றி விரிசல் விட்டாலோ புகைக்குழாய் அடைத்துக்கொண்டாலோ கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அறை கதகதப்பாகத்தான் இருக்கும், தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

அதனால் லைசென்ஸ் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதோடுதான். பல இடங்களில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தாளோடு காரியம் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் குளிரூட்டும் வாயுவைக் கையாள ‘608’ என்ற சான்றிதழ் கட்டாயம். பொதுப்பகுதி ஒன்று, கருவி வகைக்கு ஏற்ப மூன்று, ஒவ்வொன்றிலும் 25 கேள்விகள். வாயுவைக் காற்றில் திறந்துவிடக் கூடாது என்று அந்த நாடு 1992லேயே தடைபோட்டது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது. பழைய குளிரூட்டும் வாயுவான ஆர்-22 காலத்தில் வாங்கியவர் இன்று புதிய வாயுவான ஆர்-32ஐத் தொடலாம். ஆர்-22 தீப்பிடிக்காது, ஓசோனைக் கெடுக்கும். ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது, தீப்பிடிக்கும். ஆர்-290 என்பதோ சுத்தமான புரொப்பேன், அடுப்பில் எரிகிற வகையறா. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதியில் ஏழாண்டுக்கு ஒருமுறையாவது மறுபயிற்சியோ மதிப்பீடோ வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். அதுதான் நியாயம்.

லைசென்ஸ் என்பதே உள்ளே இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களைத் தடுக்கப் போட்ட வேலி என்று ஒரு வாதம் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை, சான்றிதழ் இல்லை என்பதற்காக வகுப்பறையில் முதல் வரிசையிலிருந்து தொடங்கச் சொல்வது அவமானம். அவர் கையில் பிரேசிங் டார்ச்சைக் கொடுங்கள், பிறகு குழாயை அறுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

(ஆண்டுதோறும் ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று நிரப்பிவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.)

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என்னிடம் வேலை கற்கும் தம்பி சென்ற வாரம் பயிற்சிப் பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினான். தேர்வுக்கு விண்ணப்பிக்க இத்தனை மணி நேர வேலை என்று கணக்குக் காட்ட வேண்டும். வேக்கம் பக்கத்தில் 40 மணி நேரம் என்று அவனே எழுதிவைத்திருந்தான். “எல்லோரும் இப்படித்தான் அண்ணா போடுகிறார்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள்” என்றான். எனக்குத் தெரிந்து அவன் பம்ப் அருகே உட்கார்ந்தது ஆறு மணி நேரம், அதில் பாதி நேரம் செல்போன். ஆறு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். நேற்று மூன்றாவது மாடியில் ஒரு வேலை. நான் கேட்காமலேயே மைக்ரான் மீட்டரை மாட்டிவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டான். 480இல் வால்வை மூடினான். எண் 510க்கு ஏறி நின்றது. “இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது அண்ணா” என்று சொல்லிப் பம்பை மறுபடி போட்டான்.